உள் போல்ட்டில் இருந்த சிவப்பு

“…டாக்டர் சொன்னது, எதிர்வூட்டு அம்மா சொன்னது, அதெல்லாம் விடு மச்சான். அந்த உள் போல்ட்ட நீ முறுக்கினியா, இல்லியா? அத மட்டும் சொல்லு.”

கேட்டவன் என் தங்கையின் புருஷன். ஸ்ரீராம்புரத்தில் குறுகலான மாடிப்படி ஏறியதும் வருகிற ஒற்றை அறை அவன் வீடு. பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலது கையில் மணிக்கட்டு வரை கட்டு. கையைத் தலையணை மேல் தூக்கி வைத்திருந்தது. கட்டுக்குள் நாலு விரல் இருந்தது, கட்டைவிரல் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு கோணிப்பை. பைக்குள் எங்கள் ஹெலிகாப்டரில் மிச்சம் இருந்தது. தங்கை கீழே குழாயடிக்குப் போயிருந்தாள். இரண்டு குடம் நிரம்ப எப்படியும் கால் மணி ஆகும் என்று கணக்குப் போட்டுத்தான் அவன் கேட்டிருக்க வேண்டும். சம்பவம் நடந்து அன்றைக்கு எட்டாம் நாள். அதுவரை ஏழு நாளும் அவன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

அந்த போல்ட் என் சட்டைப் பையில் இருந்தது.

இதை நான் இத்தனை வருஷம் யாரிடமும் பேசியதில்லை. பேசாமல் இருக்கிற ஆள் இல்லை நான். டீக்கடையில் பக்கத்தில் நிற்கிறவர் என்ன சொன்னார் என்பதைக்கூட வீட்டுக்கு வந்து ஒரு வாரம் சொல்லிக்கொண்டிருப்பேன். இதை மட்டும் சொல்லவில்லை. தங்கை போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. இனி அவள் காதில் விழாது.

ஹெலிகாப்டர் என்றால் ரிமோட்டில் பறக்கிற சின்ன ஹெலிகாப்டர். தரையில் நிறுத்தினால் முட்டி உயரம். மேலே சுற்றுகிற இரண்டு பிளேடையும் விரித்துவிட்டால் ஒரு ஆள் கையை நீட்டிய அகலம் வரும். பொம்மை என்று சொல்கிறவர்களை நான் விட்டுவிடுவேன். அவன் விடமாட்டான். “பொம்மையா? அண்ணாத்தே, ஓடற ஃபேன்ல வெரல வுட்டுப் பாரு. அதுல நாலு ஃபேன் இது,” என்பான்.

எங்களிடம் அது வந்ததே தற்செயல். அடுகோடியில் ஒரு லேத்துப் பட்டறையில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். அவன் லேத்தில், நான் ஃபிட்டர். தொண்ணூறுகளின் கடைசியில், தமிழ்நாட்டிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த ஒருவர், வளைந்துபோன ஷாஃப்ட் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு வந்தார். இதேபோல் கடைந்து தர முடியுமா என்றார். கடைந்து கொடுத்தோம். அடுத்த மாதம் மறுபடி வந்தார். அப்புறம் மாதம் தவறாமல் வந்தார். கடைசியில் அமெரிக்கா போகிறபோது மொத்தத்தையும் ரிமோட்டோடு ஒரு அட்டைப் பெட்டியில் கொண்டுவந்து வைத்துவிட்டு, “நீங்களே வெச்சுக்குங்க. எனக்கு இத ஒடைக்கத்தான் தெரிஞ்சுது,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

பட்டறை ஓனர் கன்னடக்காரர். நாங்கள் மத்தியானச் சோற்றை மறந்துவிட்டு அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “ஹெலிகாப்டர் ரிப்பேரி மாடோ முக நோடு!” என்று சிரித்தார். ஹெலிகாப்டர் ரிப்பேர் பண்ணுகிற மூஞ்சியைப் பார் என்று அர்த்தம். சிரித்தாரே தவிர, இரும்புத் துண்டு வேண்டும் என்று கேட்டபோது ஒரு நாளும் இல்லை என்று சொன்னதில்லை.

எங்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் கிடையாது. பெட்டிக்குள் ஒரு இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. அதில் படங்கள் இருந்தன. ஒரு வருஷம் விழுந்து விழுந்து அவன் பறக்கவிடக் கற்றுக்கொண்டான். ஒரு வருஷம் அவன் விழவைத்ததை எல்லாம் நிமிர்த்தி நிமிர்த்தி நான் பூட்டக் கற்றுக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் ஓசூர் ரோட்டுப் பக்கம் வீடு எழும்பாத காலி லேஅவுட் ஒன்றுக்குப் போய்விடுவோம். “தாலி கட்டினது ஒருத்திக்கு, குடும்பம் நடத்தறது ஃபேனோட,” என்பாள் தங்கை.

பூட்டுவதைவிடப் பெரிய வேலை, பார்ப்பது. பறக்கவிடுவதற்கு முன்னால் தலையிலிருந்து வால் வரை ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும். பிளேடை வெளிச்சத்தில் பிடித்து லேசாக வளைத்தால், அடிப்பக்கம் மயிரிழை போல விரிசல் இருந்தாலும் தெரியும். குட்டி உருண்டைகளில் மாட்டியிருக்கிற இணைப்புக் கம்பிகளை நகத்தால் நெம்பிப் பார்க்கவேண்டும்; ஆட்டம் இருந்தால் மாற்ற வேண்டும். வால் பெல்ட்டை விரலால் அழுத்தினால் கொஞ்சம் உள்ளே போகலாம், ரொம்பப் போகக் கூடாது. பாட்டரியை மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். ரிமோட்டின் ஏரியலை முழுக்க மடக்கிவிட்டு முப்பது அடி நடந்து போய், அங்கிருந்தும் அது சொன்ன பேச்சைக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும். இதெல்லாம் முடிந்தபிறகுதான் என்ஜினுக்கு எண்ணெய் ஊற்றுவது.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த உள் போல்ட். பிளேடு ஒவ்வொன்றும் ஒரு பிடிக்குள் உட்கார்ந்திருக்கும். இரண்டு பிடிக்கும் குறுக்கே ஒரே ஒரு எஃகுக் கம்பி ஓடும். கம்பியின் இரண்டு நுனியிலும் ஒவ்வொரு போல்ட். பிளேடு சுற்றும்போது வெளியே பிய்த்துக்கொண்டு ஓடப் பார்க்கும். ஒரு முழு ஆள் அதைப் பிடித்துத் தொங்கினால் எப்படி இழுக்குமோ அப்படி. அதை ஓடாமல் நிறுத்துவது சுண்டுவிரல் நகம் அகலம் உள்ள அந்த போல்ட் ஒன்றுதான். அதற்கு மரையில் நீலப் பசை தடவி, எல் வடிவச் சாவியால் முறுக்கி, இரவு முழுக்க விட வேண்டும். இல்லையென்றால் அதிர்விலேயே கழன்று வந்துவிடும்.

முறுக்கியதற்கு அடையாளமாக நான் சிவப்பு நெயில் பாலிஷ் வைப்பேன். பாட்டில் என் பெண்டாட்டியுடையது. போல்ட் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை சேர்த்து ஒரு கோடு. போல்ட் கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்துவிடும், தூரத்திலிருந்தே தெரியும். புத்தகத்தில் இல்லாத யோசனை, என் சொந்த யோசனை. அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. முதல் வருஷம் எல்லாம் கோடுதான் போட்டேன். இரண்டாம் வருஷம் கோடு குட்டையானது. அப்புறம் கை பழகிவிட்டது, அவசரம், எத்தனை போல்ட்டுக்குத்தான் கோடு போடுவது. போல்ட் தலையில் ஒரு புள்ளி வைத்து விட்டுவிட ஆரம்பித்தேன். புள்ளி எதையும் காட்டாது. போல்ட் திரும்பினால் புள்ளியும் கூடவே திரும்பும். அது எனக்குத் தெரியாதா? தெரியும்.

கிளப்புவதற்கு முன் அவன் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுக் கேட்பான், நான் தொட்டுப் பார்த்துப் பதில் சொல்வேன். “பெல்ட்டு?” “ஓகே.” “பாட்டரி?” “ஓகே.” போல்ட்டுகளுக்கு மட்டும் ஓகே கிடையாது. “உள் போல்ட்டு?” என்பான். “சிவப்பு,” என்பேன். சாவி போட்டு அசைத்துப் பார்த்துவிட்டுத்தான் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும் என்று நாங்களே வைத்துக்கொண்ட சட்டம்.

வண்டி நிதானமாகப் பறக்க ஆரம்பித்த பிறகு பூப்போடுகிற வேலை வந்தது. அடியில் ஒரு கூடை கட்டி, ரிமோட்டில் ஒரு சுவிட்சைத் தட்டினால் கூடையின் அடிமூடி திறக்கிறமாதிரி செய்தோம். சாமி ஊர்வலம், கல்யாண மண்டப வாசல் என்று ரோஜா இதழ் கொட்டுவான். ஜனம் அண்ணாந்து பார்த்து ஓவென்று கத்தும். அவன் மட்டும் ஜனத்தைப் பார்க்கவே மாட்டான், வண்டியை மட்டுமே பார்ப்பான். அவன் வலது கட்டைவிரல் ரிமோட்டின் குச்சி மேல் அசைவதே தெரியாது. “எறும்ப தடவிக் குடுக்கற மாதிரி,” என்று அவனே சொல்வான்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் ஸ்ரீராம்புரத்து அம்மன் கோயில் ஊர்வலத்துக்குப் பூப்போடச் சொல்லியிருந்தார்கள். கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து, “அம்மா தெருமுனை திரும்பறப்ப மேலேர்ந்து கொட்டணும். எங்க ஜனம் வானத்தப் பாத்து ரொம்ப நாளாச்சுப்பா,” என்றார். அந்த வார்த்தைக்காகவே நாங்கள் ஒப்புக்கொண்டோம்.

ஊர்வலத்தில் ஜனம் நெருக்கமாக இருக்கும் என்பதால், பேரிங் எல்லாம் புதுசாக மாற்றிவிடலாம் என்று நான்தான் சொன்னேன். ஆயுத பூஜையன்று மத்தியானம் தங்கை வீட்டில் தரையில் பேப்பர் விரித்து, பிளேடு இரண்டையும் கழற்றித் தனியாக வைத்துவிட்டு, தலைப்பகுதியைப் பிரித்தேன். மச்சானுக்கு மாப்பிள்ளை உதவி என்று அவனும் உட்கார்ந்திருக்க வேண்டியது. பட்டறைப் பூஜைக்குப் போயிருந்தான். புதுப் பேரிங் போட்டு, கிரீஸ் வைத்து, ஒரு பக்க உள் போல்ட்டை நீலப் பசை தடவி முறுக்கி, சிவப்பு வைத்தேன். மறு பக்க போல்ட்டைப் பசை இல்லாமல் கையால் சும்மா இரண்டு மரை ஏற்றி நிறுத்தினேன். கம்பி நடுவில் சரியாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டுக் கழற்றி, பசை தடவி மறுபடி போடலாம் என்று. சாவியைக் கையில் எடுத்தேன்.

“ணா, குடு அத,” என்று தங்கை கை நீட்டினாள். சாமி படத்துக்கு முன்னால் பலகை போட்டு, ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர், அரம், மீட்டர் எல்லாம் துடைத்து வரிசையாக அடுக்கியிருந்தாள்.

“அஞ்சே நிமிஷம்மா.”

“உன் அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதா? ராகு காலம் வந்துடும். கைல கீறதையும் குடுணா.”

“இந்த ஒரு சாவி மட்டும்…”

“எல்லாம் வரிசையா ஒக்காந்திருக்குது, அது மட்டும் உன் கைல இருந்தா அதுக்கு மனசு கஷ்டமா இருக்காதா?”

சிரித்துவிட்டுக் கொடுத்துவிட்டேன். ஹெலிகாப்டரையும் தூக்கிப் பலகை மேல் வைக்கச் சொன்னாள். வைத்தேன். சந்தனத்தைக் குழைத்து, ஒவ்வொரு சாமானுக்கும் சந்தனம் தொட்டு அதன் மேல் குங்குமம் வைத்தாள். ஹெலிகாப்டருக்கு மூக்கில் வைத்தாள், வாலில் வைத்தாள். அதோடு நிறுத்தவில்லை. தீக்குச்சி ஒன்றை எடுத்து, அதன் நுனியால் ஒவ்வொரு போல்ட் தலைக்கும் பொட்டு வைக்க ஆரம்பித்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு, நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு, பிடிக்கு உள்ளே குனிந்து குனிந்து வைத்தாள்.

“இத்தினியூண்டு போல்ட்டுக்குமா?” என்றேன்.

“விட்டுப்போனது கோச்சிக்கும்ணா,” என்றாள்.

அப்புறம் அவன் பட்டறையிலிருந்து பொரிப் பொட்டலத்தோடு வந்தான். தெருவில் ஆட்டோக்காரர்கள் பூசணிக்காய் உடைத்தார்கள். சுண்டல் சாப்பிட்டோம். முறுக்காத போல்ட் என் நினைவில் எந்த இடத்தில் நழுவியது என்று பல தடவை தேடியிருக்கிறேன். பொரி சாப்பிடும்போதா, கற்பூரம் காட்டும்போதா? அகப்படவில்லை.

மறுநாள் காலை பூப்போடுகிற நேரத்துக்கு ஒன்றரை மணி முன்னால் மைதானத்தில் சோதனைக்கு ஏற்றிப் பார்ப்பதாக இருந்தோம். வீட்டுக்குப் போனால், சாமான் எல்லாம் பூவோடு பலகை மேலேயே இருந்தது. மறுபூஜை ஆகிறவரை ஆயுதத்தின் மேல் கை வைக்கக் கூடாது. மறுபூஜைக்குத் தேங்காய் வாங்கத் தங்கை மார்க்கெட் போயிருந்தாள். போகும்போது அவனிடம், “ஹெலிகாப்டர் சாமி வேலைக்குப் போவுது, அத எடுத்துக்குங்க. சாவிய கீவிய தொட்டீங்க, அவ்ளோதான்,” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். பிளேடைப் பிடியில் மாட்டுகிற வெளி போல்ட்டை இறுக்கவே கூடாது, பிளேடு கொஞ்சம் தளர்வாக அசைய வேண்டும். அதனால் பையில் கிடந்த ஒரு குறடே போதும் என்று பிளேடுகளை அதை வைத்துப் பூட்டினேன்.

மைதானத்தில் வாழைக்கன்று கட்டிய ஆட்டோக்கள் வரிசையாக நின்றன. பாதி மைதானம் அவற்றுக்கே போய்விட்டது. முப்பது அடி தள்ளி நிற்க வேண்டியவன் பதினைந்து அடியில் நின்றான்.

“பெல்ட்டு?”

“ஓகே.”

“பாட்டரி?”

“மீட்டர் சாமிகிட்ட இருக்குது. நேத்து ஃபுல்லா சார்ஜ் போட்டேன். ஓகே.”

“உள் போல்ட்டு, இந்தப் பக்கம்?”

குனிந்து பார்த்தேன். பிடிக்கு உள்ளே நிழலாக இருந்தது. நிழலில் சிவப்பு தெரிந்தது.

“சிவப்பு.”

“அந்தப் பக்கம்?”

“சிவப்பு.”

கிளப்பினான். தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு ஏறி, ஆணி அடித்தமாதிரி நின்றது. ஆட்டோக்காரர்கள் கை தட்டினார்கள். ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம் வால் லேசாக நடுங்கியது. நான், “எறக்கு மாப்ளே,” என்றேன். “எறக்கறேன்,” என்றான். அதற்கு மேல் பேச நேரம் இல்லை. ஒரு பிளேடு பிடியோடு பிய்த்துக்கொண்டு வந்தது. வந்ததை நான் பார்க்கவில்லை. ஈரத்துணியை ஓங்கித் துவைத்தமாதிரி ஒரு சத்தம் கேட்டது. மிச்ச வண்டி தரையில் விழுந்து தன்னைத்தானே அடித்துக்கொண்டு அலறியது, பிறகு அடங்கியது.

அவன் நின்றுகொண்டே இருந்தான். ரிமோட்டை இடது கையால் வயிற்றோடு அணைத்திருந்தான். வலது கையிலிருந்து ரத்தம் ரிமோட் மேல் ஊற்றியது. “மச்சான், மொதல்ல வண்டில சுவிட்ச ஆஃப் பண்ணு. அப்புறம்தான் ரிமோட்டு,” என்றான். அணைக்கிற வரிசை அதுதான். மாற்றினால் வண்டி வெறிபிடித்தமாதிரி ஓடும். ஓட அதில் என்ன மிச்சம் இருந்தது? ஆனாலும் அவன் சொன்னபடி ஓடிப்போய் வண்டியில் அணைத்துவிட்டு வந்து ரிமோட்டை அணைத்தேன். அதன்பிறகுதான் அவன் உட்கார்ந்தான்.

ஒரு ஆட்டோக்காரர் தன் வேட்டியைக் கிழித்துக் கையைச் சுற்றினார். நான் மண்ணில் மண்டிபோட்டு விரலைத் தேடினேன். வண்டியில் கட்டியிருந்த கூடை உடைந்து ரோஜா இதழ் எல்லா இடத்திலும் சிதறிக் கிடந்தது; ஒவ்வொரு இதழும் அதுவாக இருக்குமோ என்று தொட்டுப் பார்த்தேன். முதலில் கையில் அகப்பட்டது போல்ட். பார்க்காமலே சட்டைப் பையில் போட்டேன். பிறகு ஒரு ஆட்டோ சக்கரத்துக்குப் பக்கத்தில், நசுக்கி வைத்திருந்த எலுமிச்சம்பழத்தின் தோலோடு விரல் கிடைத்தது. ஐஸ் வண்டிக்கார பாய் ஓடிவந்தார். “பானி நக்கோ பாய், தண்ணி ஊத்தாதீங்க. பிளாஸ்டிக் கவர்ல கட்டி அப்புறம் ஐஸ்ல வெய்ங்க,” என்று அவரே கட்டிக்கொடுத்தார். கட்டி முடிக்கிறவரை அவர் உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்ததை நான் மறக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கவரைப் பிரித்துப் பார்த்த டாக்டருக்குச் சின்ன வயசுதான். “வெட்டுப்பட்டிருந்தா சேத்திருக்கலாம். இது நசுங்கிடுச்சு,” என்றார். அப்புறம் அந்தக் கவர் எங்கே போனது என்று தெரியவில்லை.

வராந்தாவில் நின்று போல்ட்டை எடுத்துப் பார்த்தேன். மரை பளபளவென்று இருந்தது. நீலம் ஒரு துளி இல்லை. தலையில் சாவி போகிற ஆறுமூலைக் குழிக்குள் குங்குமம் அடைத்திருந்தது, ஓரத்தில் காய்ந்த சந்தனத்தின் மஞ்சள். நான் நிழலில் பார்த்துச் சொன்ன சிவப்பு என் தங்கை வைத்த சிவப்பு. பத்து மணிக்கு ஊர்வலத்தில், தோளில் குழந்தையை உட்காரவைத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்கிற ஜனத்துக்கு நடுவில் இது கழன்றிருந்தால் என்ற நினைப்பு அப்போதே வந்துவிட்டது. இன்றைக்கும் போகவில்லை.

யார் கேட்டாலும் அவன் ஒரே பதில் சொன்னான்: “என் தப்புதான். கிட்ட நின்னுட்டேன்.” ஓனர் ஆப்பிள் பையோடு வந்து கட்டில் பக்கத்தில் நின்றார். “ஏன் மாடோதப்பா,” என்றார். என்ன செய்வதப்பா என்று. கொஞ்ச நேரம் கழித்து, “லேத்து பேடா, வேணாம். ஸ்டோர்ல ஒக்காரு. சாமான் எடுத்துக் குடு,” என்றார். நல்ல மனுஷர். அவர் சொன்னபடியே ஆனது. டூலைத் தள்ளுகிற கைப்பிடியை மயிரளவு திருப்ப அந்தக் கட்டைவிரல் வேண்டும். அவன் அதற்கப்புறம் லேத்தில் நிற்கவே இல்லை. அவனிடம் வேலை கற்றுக்கொண்டவர்கள் ஸ்டோர் ஜன்னலில் வந்து டிரில் பிட் கேட்க, அவன் இடது கையால் எடுத்துக் கொடுத்தான்.

தங்கைதான் ரொம்ப உடைந்துபோனாள். எதிர்வீட்டு அம்மா பார்க்க வந்து, அவள் காதுபடவே, “பூசணிக்கா தெறிச்சப்ப உங்க வாசல் பக்கம் ஒரு துண்டு வரல. அப்பவே எனக்கு சுருக்குனு இருந்துச்சு. எதோ குறை வெச்சிட்டா போலக்கீது,” என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து தங்கைக்கு அதே கேள்வி. சோறு போடும்போது கேட்பாள், கட்டுத் துணியை மடிக்கும்போது கேட்பாள்.

“ணா, நீ பக்கத்துலதான இருந்த. நான் எல்லாத்துக்கும் வெச்சேன் இல்ல? எதையாச்சும் விட்டுட்டேனா?”

“நீ எதையும் விடலம்மா,” என்று நான் சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன். அதைச் சொல்லும்போதெல்லாம் சட்டைப் பையில் அந்த போல்ட் கனத்தது. வீட்டுக்குப் போனால் சட்டை மாற்றுவேன். போல்ட்டையும் எடுத்து மாற்று சட்டையில் போட்டுக்கொள்வேன். எறிய முடியவில்லை.

எட்டாம் நாள், அவன் கேட்டுவிட்டான்.

“முறுக்கல மாப்ளே,” என்றேன். என் குரல் எனக்கே யாரோ பேசுகிறமாதிரி இருந்தது. “சாவிய பூஜைக்குக் குடுத்துட்டேன். அப்புறம் மறந்துட்டேன். பசையும் போடல.”

அவன் என் முகத்தையே பார்த்தான். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“காலைல சிவப்புன்னு சொன்னியே. ரெண்டு பக்கமும் சொன்னியே.”

“சிவப்பாதான் இருந்துச்சு.”

“முறுக்காத போல்ட்டு எப்பிடி மச்சான் சிவப்பா இருக்கும்?”

பதிலாக போல்ட்டை எடுத்து பாயில் அவன் முன்னால் வைத்தேன். இடது கையால் எடுத்தான். பழக்கமில்லாத கை, இரண்டு தடவை நழுவியது. ஜன்னல் வெளிச்சத்தில் மரையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். லேத்துக்காரன் பார்வை, மரையில் ஒரு தப்பும் இல்லை என்று அதற்குத் தெரிந்திருக்கும். பிறகு தலைப்பக்கம் திருப்பினான். குழிக்குள் பார்த்தான். மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தான்.

“இது நெயில் பாலிஷ் இல்லியே,” என்றான்.

“இல்ல.”

அவன் கோணிப்பையைப் பார்த்தான். பையின் வாய் வழியாகத் தலைப்பகுதி நீட்டிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு போல்ட்டிலும், நான் பாலிஷே வைக்காத போல்ட்டிலும், தீக்குச்சி நுனியால் வைத்த குட்டிக் குட்டிப் பொட்டு. அவனுக்குப் புரிந்துவிட்டது.

“அவகிட்ட சொன்னியா?”

“இல்ல.”

“எதிர்வூட்டம்மா?”

“யார்கிட்டயும் சொல்லல.”

கீழே படியில் கால் வைக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் தளும்புகிற சத்தமும் கூடவே. பாதிப் படியில் நின்று தங்கை குரல் கொடுத்தாள்: “ணா, கதவ நல்லா தொறந்து வெய். ரெண்டு கையிலயும் கொடம் இருக்குது.”

நான் எழுந்து கதவைத் திறக்கப் போனேன். திரும்பிப் பார்த்தபோது அவன் லுங்கியின் ஓரத்தை வாயில் வைத்து ஈரமாக்கி, பல்லால் கடித்து ஊசிபோல முறுக்கி, போல்ட்டின் குழிக்குள் விட்டுத் திருகிக்கொண்டிருந்தான். குங்குமம் லுங்கியில் வந்தது. போல்ட்டைத் தலையணைக்கு அடியில் தள்ளினான். பிறகு காலால் கோணிப்பையைக் கிட்டே இழுத்து, தலைப்பகுதியைத் தொடைகளுக்கு நடுவில் இடுக்கிப் பிடித்துக்கொண்டு, இருந்த ஒரே கட்டைவிரலை நாக்கில் தொட்டுத் தொட்டு, ஒவ்வொரு பொட்டாகத் துடைக்க ஆரம்பித்தான்.